நெருங்கிய ஊரில் மரம் நிற்காதா?

நம்பிக்கை: வீடுகள் நெருங்கினால் பசுமை போய்விடும். ஆளுக்கொரு கிரவுண்ட், வாசலில் ஒரு வேப்பமரம் என்று விரிந்து கிடப்பதுதான் பசுமையான ஊர்.

உண்மை: கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. 100 குடும்பங்கள் ஆளுக்கு ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி வாங்கினால் மனைகளுக்கே ஐந்தரை ஏக்கர் வேண்டும்; சாலைகளுக்கு அதற்கு மேலும். அதே குடும்பங்களுக்கு ஆயிரம் சதுர அடி வீடுகளை, மனையைப் போல் இரு மடங்கு தளப்பரப்பு என்ற இப்போதைய விதிப்படி அடுக்கினால், ஒரு ஏக்கருக்குச் சற்று மேல் போதும். மிச்சப்படும் நாலு ஏக்கர் எங்கோ வயலாகவோ ஏரியின் நீர்வரத்துப் பகுதியாகவோ இருக்கும் நிலம். சென்னை பரவப் பரவப் பறிபோனது அதுதான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் என்ற பன்னாட்டுச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்தபோது, அதன் பழைய பரப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே மனைகளாகவும் சாலைகளாகவும் குப்பைமேடாகவும் மாறியிருந்தது. மழை வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் சதுப்பின் வேலையை வாசல் வேப்பமரங்கள் எத்தனை நட்டாலும் செய்யாது.

திருவல்லிக்கேணியும் மண்ணடியும் நெருக்கம்தானே, அங்கே மரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நெருக்கம் தானாகப் பசுமையைக் கொண்டுவராது. பொது இடத்தை முதலில் ஒதுக்கினால்தான் வரும். குடிநீரும் பாதாளச் சாக்கடையும் வருவதற்கு முன்பே மாடிகள் எழுந்தால் என்ன ஆகும் என்பதை, தண்ணி லாரியையும் கழிவுநீர் லாரியையும் நம்பி வாழும் ஓ.எம்.ஆர். அடுக்ககங்கள் காட்டிவிட்டன. ஆனால் நெருக்கம் என்றால் முப்பது மாடி என்று பொருள் இல்லை. பாரிஸ் நகரம் பெரும்பாலும் ஆறேழு மாடிக் கட்டடங்களிலேயே, சுமார் 105 சதுர கிலோமீட்டருக்குள் 20 லட்சம் பேருக்கு மேல் குடிவைத்திருக்கிறது.

அடுத்த நம்பிக்கை, இந்த வெயிலில் யார் நடப்பார்கள் என்பது. பேருந்தில் போகிறவர் அத்தனை பேரும் இன்றும் நடக்கிறார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து நிறுத்தம் வரைக்கும் நடைபாதையில் டிரான்ஸ்பார்மர், நிறுத்திய பைக்குகள், மூடி உடைந்த மழைநீர் வடிகால். வயதானவர் முழங்கால் உயரத் திண்டில் ஏற முடியாமல் சாலையில் இறங்குகிறார். பிரச்சினை வெயில் மட்டும் இல்லை. பாண்டி பஜாரில் 2019-இல் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தார்கள்; கடைவீதிக்கு வந்தவர்கள் அதில் நடக்கத்தான் செய்தார்கள். நிழல் வேண்டுமென்றால் வடிகால் தோண்டும்போது வேரை வெட்டாமல் விட வேண்டும்.

சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904-ஆக விரிக்க 2022-இல் அரசாணை வந்தது. அந்தப் பரப்புக்குள் எத்தனையோ ஏரிகள் இருக்கின்றன. எந்த ஏரிக்கரையிலும் நீர்வரத்துப் பாதையிலும் மனைப்பிரிவு கூடாது என்பதை முதலில் வரைபடத்தில் குறித்துவிட்டு, ரயில், பேருந்து நிலையங்களிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எத்தனை மாடி கட்டலாம் என்பதைப் பிறகு பேச வேண்டும்.