மழலைக்கு முன்னர்ச் செவி

தில்லியில் யமுனைக்குக் கிழக்கே உள்ள மயூர் விஹாரில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குத் தொட்டிற் குழந்தையின் செவியில் வீட்டினுள் தமிழும் வாயிற்புறத்தே இந்தியும் விழுகின்றன. இரு மொழிகளால் குழந்தை குழம்பிவிடும் என அஞ்சித் தமிழ் பேசுவதையே நிறுத்திவிடும் பெற்றோரும் உளர். மூளை வளர்ச்சியை அறிந்தோர்க்கு இவ்வச்சம் எழாது.

பிறந்த குழந்தையின் மூளை, முதிர்ந்தோர் மூளையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. நரம்பணுக்களிற் பெரும்பாலானவை பிறப்பிற்கு முன்னரே தோன்றிவிடுகின்றன. பின்னர் விரைந்து பெருகுபவை அவற்றிடையே உள்ள இணைப்புகளாம். பயன்படும் இணைப்புகள் உறுதி பெறும். பயன்படாதவை நாளடைவில் களையப்படும்.

கனடாவின் வான்கூவர் நகரில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்டு டீஸ் இருவரும் நடத்தி 1984-இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நோக்கத்தக்கது. இந்தியின் டகர தகர ஒலிகளை, ஆங்கிலமே கேட்டு வளர்ந்த குழந்தைகள் 6 முதல் 8 மாதங்களில் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதங்களுக்குள் அத்திறன் பெரிதும் குன்றியது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளோ அதனை இழக்கவில்லை. வாய் பேசுமுன்னரே செவி தன் மொழிக்கேற்பப் பண்பட்டுவிடுகிறது.

வாலை, வாளை, வாழை என்னும் சொற்களின் வேறுபாட்டை இந்தி கற்பியாது. இந்தியில் கணத்தைக் குறிக்கும் சொல்லும் பழத்தைக் குறிக்கும் சொல்லும் முதலொலியின் மூச்சினால் மட்டுமே வேறுபடும். தமிழெழுத்தில் இரண்டும் ‘பல்’ என்றே அமையும். இரு மொழிகளையும் நாள்தோறும் கேட்கும் குழந்தை இவ்விரு வகை நுட்பங்களையும் பற்றிக்கொள்ளும். அது ‘பானி வேணும்’ என்று கலந்து பேசுதல் குறையன்று.

ஆனால் ஒலி மட்டும் போதாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பட்ரிஷியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகள் நேரில் விளையாடிப் பேசியோரிடம் சீன ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் கண்டவை கற்கவில்லை. கைப்பேசியைத் தொட்டிலருகே வைக்கும் இந்நாளைய வழக்கத்தை இதனோடு ஒப்பிடுக.

காது கேளாமை வேறு செய்தி. கேளாத குழந்தையும் முதன்மாதங்களில் குரலெழுப்புமாதலின் பெற்றோர் ஏமாறுவர். கைதட்டிப் பார்த்தலும் நம்பத்தக்கதன்று. அசைவைக் கண்டே குழந்தை திரும்பக்கூடும். கருவியால் செய்யும் செவிச்சோதனை முதல் மாதத்திற்குள்ளும், குறையை உறுதிசெய்தல் மூன்றாம் மாதத்திற்குள்ளும், பயிற்சியும் கருவியுதவியும் ஆறாம் மாதத்திற்குள்ளும் அமைதல் வேண்டும். பேச்சுத் தாமதிக்கும் குழந்தையைக் காணும் களப்பணியாளர், வீட்டில் எத்தனை மொழி என்று வினவுமுன், இச்சோதனை நடந்ததா என வினவுக.