சாவிக்கொத்து கையில் இருந்தால் எந்த பிரவுசருக்கும் போகலாம்

குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸுக்கு மாறிவிட்டேன் என்று சொன்னால் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அது வேகமா இருக்குமா?” என்பதுதான். அன்றாட வேலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வேகத்துக்காக மட்டும் மாறுவதாக இருந்தால் சிரமப்பட வேண்டாம். நான் மாறியதற்குக் காரணம் வேறு. மாறும்போது தெரிந்துகொண்டதும் வேறு. மாற நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

என் தொழில் மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பதும். காலையில் திறக்கும் பிரவுசரை இரவில்தான் மூடுவேன். அகராதி, செய்தித் தளங்கள், வாடிக்கையாளர்களின் கோப்புகள், வங்கி எல்லாமே அதற்குள். தமிழ்ச் செய்தித் தளங்களில் புழங்குபவர்களுக்குத் தெரியும்: ஒரு பத்தி செய்தி, நடுவில் விளம்பரம், ஓரத்தில் தானாக ஓடும் வீடியோ, மூடும் பொத்தானைத் தேடவைக்கும் ஒரு பெட்டி. இவற்றைத் தடுக்க யுபிளாக் ஆரிஜின் என்ற எக்ஸ்டென்ஷனை நெடுநாளாகப் பயன்படுத்தி வந்தேன்.

எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிகளை கூகுள் மாற்றியது. மேனிஃபெஸ்ட் வி3 என்று அதற்குப் பெயர். பழைய விதிப்படி, ஒரு பக்கம் வெளியே அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் எக்ஸ்டென்ஷன் பார்த்து, விடலாமா தடுக்கலாமா என்று அப்போதே முடிவெடுக்கும். புதிய விதிப்படி, தடுக்க வேண்டியவற்றின் பட்டியலை முன்கூட்டியே பிரவுசரிடம் கொடுத்துவிட வேண்டும். தடுப்பதை பிரவுசர் பார்த்துக்கொள்ளும். எல்லாக் கோரிக்கைகளையும் பார்க்கும் அதிகாரம் கெட்ட எக்ஸ்டென்ஷன்களிடமும் போய்ச் சேர்ந்தது, அதைக் குறைப்பது பாதுகாப்புக்கு நல்லது என்பது கூகுளின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் விளம்பரத் தடுப்பான்களின் கையும் அதோடு சேர்த்துக் கட்டப்பட்டது. 2024-ல் தொடங்கி 2025-க்குள் பழைய வகை எக்ஸ்டென்ஷன்கள் குரோமில் நிறுத்தப்பட்டன. யுபிளாக்கின் லைட் வடிவம் இப்போதும் குரோமில் கிடைக்கிறது. பலருக்கு அதுவே போதும். எனக்கு முழு வடிவம் வேண்டியிருந்தது. ஃபயர்பாக்ஸ் பழைய வழியையும் அனுமதிக்கிறது என்பதால் அங்கே போனேன்.

எது உண்மையான மாற்று?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் எஞ்சின்தான் பிரவுசரின் உயிர். குரோமின் எஞ்சின் பிளிங்க். ஓபெரா 2013-ல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டு இந்தப் பக்கம் வந்தது. மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020 ஜனவரியில் வந்தது. பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் ஆகியவையும் இதே குடும்பம். பரவலாகப் புழங்கும் பிரவுசர்களில் வேறு எஞ்சின் உள்ளவை இரண்டுதான்: ஆப்பிளின் சஃபாரி, மொசில்லாவின் ஃபயர்பாக்ஸ்.

எஞ்சின் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஒரே எஞ்சின் ஊரை ஆண்டால் என்ன ஆகும் என்பதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2001-ல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது. போட்டியே இல்லாததால் அடுத்த பதிப்பு வர 2006 ஆயிற்று. அதற்குள் அந்த ஒரு பிரவுசரில் மட்டும் ஓடும் தளங்கள் அலுவலகம் அலுவலகமாகப் பெருகிவிட்டன. 2022 ஜூனில் எக்ஸ்புளோரரையே மைக்ரோசாஃப்ட் ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகும், அந்தப் பழைய தளங்களுக்காக எட்ஜுக்குள் ஒரு தனி முறையை வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே தேர்வை இப்படிச் செய்யலாம். விளம்பரத் தொல்லை குறைய வேண்டும், பழக்கம் மாறக் கூடாது என்றால் பிரேவ் போதும். தடுப்பு வசதி பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது, குரோம் எக்ஸ்டென்ஷன்களும் ஓடும். டேப்களை அடுக்கி, பிரித்து, ஓரத்தில் நிறுத்தி வேலை செய்பவர்களுக்கு விவால்டி. ஆப்பிள் கருவிகள் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு சஃபாரியே நல்லது. எஞ்சினே வேறாக இருக்க வேண்டும், விண்டோஸிலும் ஆண்ட்ராய்டிலும் லினக்ஸிலும் ஒன்றுபோல ஓட வேண்டும் என்றால் ஃபயர்பாக்ஸ்.

பாஸ்வேர்டுகள்தான் முதல் வேலை

ஃபயர்பாக்ஸை இறக்குவதற்கு முன்பே பாஸ்வேர்டுகளை குரோமிலிருந்து வெளியே எடுத்தேன். மாற நினைத்துப் பாதியில் திரும்பிய நண்பர்கள் பலரும் தடுக்கி விழுந்த இடம் இதுதான். புதிய பிரவுசரைத் திறக்கிறார்கள், மின்கட்டணத் தளம் பாஸ்வேர்டு கேட்கிறது, நினைவில்லை, பழையதற்கே ஓடுகிறார்கள். வீட்டைக் காலி செய்யாமல் கட்டிப்போடுவது வீட்டின் அழகல்ல, எல்லாச் சாவிகளும் ஒரே ஆணியில் அங்கே தொங்குவதுதான்.

பாஸ்வேர்டுகளை எந்த பிரவுசருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தில் வைக்க வேண்டும். பிட்வார்டன், கீபாஸ்-எக்ஸ்சி இரண்டும் ஓப்பன் சோர்ஸ், இலவசமாகவே பயன்படுத்தலாம். பிட்வார்டன் இணையம் வழியாக எல்லாக் கருவிகளுக்கும் வரும். கீபாஸ்-எக்ஸ்சி உங்கள் கணினியில் பூட்டிய ஒரு கோப்பாகவே இருக்கும். காப்புப் பிரதி உங்கள் பொறுப்பு. செய்ய வேண்டியவை:

• குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் சிஎஸ்வி கோப்பு ஒன்று கிடைக்கும். அதில் எல்லாப் பாஸ்வேர்டுகளும் திறந்த எழுத்தில் இருக்கும். யார் திறந்தாலும் படிக்கலாம். டெஸ்க்டாப்பில் சேமிக்க வேண்டாம். பல விண்டோஸ் கணினிகளில் டெஸ்க்டாப் தானாகவே ஒன்டிரைவுக்கு நகலாகிறது.

• புதிய மேனேஜரில் ஏற்றி முடித்ததும் அந்தக் கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளும் வேலை வேண்டவே வேண்டாம்.

• பாஸ்வேர்டுக்குப் பதிலாக பாஸ்கீ வைத்திருந்தால் அது சிஎஸ்வியில் வராது. அந்தந்தத் தளத்துக்குள் போய்ப் புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டும்.

• மேனேஜரின் முதன்மை பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி, ஆதார், பத்திரம் இருக்கும் கோப்போடு வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.

இந்த வேலைக்கு ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். என் பட்டியலில் செத்துப்போன தளங்கள், ஒருமுறை மட்டும் டிக்கெட் எடுத்த இடங்கள், மனைவியின் பள்ளிக்கூட லாகின், அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு என்று எல்லாமே கலந்து கிடந்தன. குடும்பத்துக்கே ஒரு கணினி என்றால் உங்கள் பட்டியலும் அப்படித்தான் இருக்கும். ஆளாளுக்குப் பிரித்துவைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

புக்மார்க்குகள் சுலபம். ஃபயர்பாக்ஸே குரோமிலிருந்து இழுத்துக்கொள்ளும். கூடவே குரோமிலிருந்து ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பாகவும் எடுத்து வையுங்கள். அதை எந்த பிரவுசரும் படிக்கும். ஹிஸ்டரியைக் கொண்டுவரவே வேண்டாம் என்பது என் யோசனை. முகவரிப் பட்டையில் பழைய குப்பை வந்து நிற்காது.

தமிழுக்கு ஒரு வசதி

ஃபயர்பாக்ஸுக்கும் தமிழுக்கும் பழைய கணக்கு உண்டு. யூனிகோடு பரவாத காலத்தில், தனி எழுத்துரு கேட்ட தமிழ்த் தளங்களை யூனிகோடாக மாற்றிக் காட்டிய பத்மா என்ற எக்ஸ்டென்ஷன் அதில்தான் ஓடியது. மறுபக்கம், 2008-ல் மூன்றாம் பதிப்பு வரும்வரை, இருபக்கமும் சீராக்கிய தமிழ்ப் பத்திகள் அதில் கொம்பும் காலும் தனித்தனியாக உடைந்து தெரிந்தன. அந்த நினைவோடு ஒதுங்கியவர்கள் இன்று தைரியமாகத் திரும்பலாம்.

செட்டிங்ஸில் எழுத்துருப் பகுதிக்குப் போய் மேம்பட்ட அமைப்புகளைத் திறந்தால், ஒவ்வொரு எழுத்து வகைக்கும் தனி எழுத்துரு வைக்கலாம். தமிழைத் தேர்ந்தெடுத்து, நான் நோட்டோ செரிஃப் தமிழை வைத்திருக்கிறேன். விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐ திரைக்குப் பொருந்தும் என்றாலும், நீண்ட கட்டுரை படிக்கக் கண்ணுக்கு இது இதமாக இருக்கிறது. எழுத்தின் அளவையும் தமிழுக்கு மட்டும் கூட்டலாம். ஆங்கிலம் அப்படியே இருக்கும். பக்கம் இரைச்சலாக இருந்தால் முகவரிப் பட்டையில் உள்ள ரீடர் வியூ குறியை அழுத்துங்கள். செய்தி மட்டும் நிற்கும்.

முகவரிப் பட்டையில் இன்னொரு வித்தை. நட்சத்திரக் குறி போட்டு இடைவெளி விட்டுத் தேடினால் புக்மார்க்குகளில் மட்டும் தேடும். சதவீதக் குறி போட்டால் திறந்திருக்கும் டேப்களில் தேடும். ஏகப்பட்ட டேப்களைத் திறந்துவைத்துவிட்டுத் தேடுகிறவர்களுக்கு இது வரம்.

எனக்கு அதிகம் பயன்பட்டது கன்டெய்னர்கள். மொசில்லாவே தரும் மல்டி-அக்கவுன்ட் கன்டெய்னர்ஸ் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால், டேப்களுக்கு வண்ணம் கொடுத்துப் பிரிக்கலாம். ஒரு வண்ணத்தின் குக்கீ இன்னொன்றுக்குத் தெரியாது. சொந்த மெயில், அலுவலக மெயில், வாடிக்கையாளர் கொடுத்த லாகின் மூன்றும் ஒரே ஜன்னலில் பக்கம்பக்கமாகத் திறந்திருக்கும். வங்கிக்கென்று ஒரு வண்ணம் வைத்திருக்கிறேன். இது இல்லாமலேயே, 2022 ஜூன் முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் அந்தந்தத் தளத்துக்குள்ளேயே அடைத்துவைப்பது ஃபயர்பாக்ஸின் இயல்பான அமைப்பு. கன்டெய்னர் அதற்கு மேல் ஒரு தட்டு.

போனில்

ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸில் எக்ஸ்டென்ஷன்கள் ஓடும். 2023 டிசம்பரிலிருந்து அந்தக் கதவு பரவலாகவே திறந்துவிட்டது. யுபிளாக் ஆரிஜினைப் போட்டு அப்பாவின் போனில் கொடுத்தேன். நாளிதழ் படிக்கும்போது, “உங்கள் போனில் வைரஸ்” என்று மிரட்டும் பெட்டிகள் நின்றன. முதியவர்களுக்குச் செய்யக்கூடிய நல்ல உதவி இது.

ஐபோன்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் ஆகியவற்றுக்கு வெளியே, ஐபோனில் எந்த பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். அங்கே ஃபயர்பாக்ஸில் இந்த எக்ஸ்டென்ஷன்களும் கிடையாது. சஃபாரியிலேயே விளம்பரத் தடுப்பான் போட்டுக்கொள்வது மேல்.

கணினியையும் போனையும் இணைக்கும் சிங்க் வசதியைப் போட்டால், ரெகவரி கீ ஒன்றை உருவாக்கிப் பத்திரப்படுத்துங்கள். நம் தகவல் பூட்டப்பட்டே மொசில்லாவின் சர்வருக்குப் போகிறது. கணக்கின் பாஸ்வேர்டை மறந்து, அந்தக் கீ இல்லாமல் ரீசெட் செய்தால் சர்வரில் இருப்பதை மீட்க முடியாது.

எதை இழக்க வேண்டிவரும்?

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கூகுள் டாக்ஸில் பேசித் தட்டச்சு செய்யும் வசதி ஃபயர்பாக்ஸில் இல்லை. தமிழில் பேசியே எழுதும் எழுத்தாளர்கள் பலர் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இது பெரிய இழப்பு. இணையம் இல்லாதபோது டாக்ஸைத் திறக்கும் வசதியும் குரோம், எட்ஜ் பக்கம்தான். நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு வங்கியின் தளம், பணம் அனுப்பும் கடைசிப் படியில் உருண்டுகொண்டே நின்றது. டிஜிட்டல் கையொப்பம் கேட்கும் தளங்களிலும் இப்படிச் சிக்கல் வரலாம். தடுப்பானை அந்தத் தளத்துக்கு மட்டும் அணைத்துப் பாருங்கள்; பாதிச் சிக்கல் அதில் தீரும். தீராவிட்டால் விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் எட்ஜைத் திறந்து வேலையை முடியுங்கள். இதற்காகப் பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமில்லை.

தடுப்பான் பற்றி இன்னொன்று. நான் விரும்பிப் படிக்கும் சில இதழ்களின் தளங்களில் அதை அணைத்துவைத்திருக்கிறேன். சந்தா கட்ட முடிந்தால் இன்னும் நல்லது. எழுதுகிறவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும்.

எக்ஸ்டென்ஷன்களைக் கண்டபடி சேர்க்காதீர்கள். “எல்லாத் தளங்களிலும் உங்கள் தகவலைப் பார்க்கும் அனுமதி” கேட்கும் ஒன்று, நீங்கள் வங்கியில் தட்டுவதையும் பார்க்க முடியும். தடுப்பான், பாஸ்வேர்டு மேனேஜர், கன்டெய்னர் மூன்றோடு நான் நிறுத்திக்கொண்டேன்.

ஃபயர்பாக்ஸைக் கோயிலாக்கவும் வேண்டாம். மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுளை இயல்பான தேடுபொறியாக வைத்திருப்பதற்காக கூகுள் கொடுக்கும் பணம். 2025 பிப்ரவரியில் பயன்பாட்டு விதிகளில் அவர்கள் எழுதிய ஒரு வரி, நாம் தட்டும் தகவல்மேல் அளவுக்கு மீறிய உரிமை கேட்பதுபோல இருந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் திருத்தினார்கள். நாளை இவர்களும் பிடிக்காமல் போகலாம். போனால் கிளம்ப எனக்கு அரை மணி நேரம் போதும். பாஸ்வேர்டுகள் வெளியே இருக்கின்றன, புக்மார்க்குகள் ஒரு கோப்பில் இருக்கின்றன.

பிரவுசரை மாற்றுவதும் மாற்றாததும் உங்கள் விருப்பம். குரோம் பிடித்திருந்தால் அதிலேயே இருங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுத்துவிடுங்கள். கிளம்ப முடிந்தவர்களைத்தான் எந்த நிறுவனமும் மதிக்கும்.