ஐஎல்-6: செல்களின் எச்சரிக்கைக் குரலை அளப்பது எப்படி?

நான் உயிரிமருத்துவப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். உடம்புக்குள் பொருத்தும் செயற்கைப் பொருள்களைச் சோதிப்பதுதான் என் ஆய்வுத்திட்டம். “பொறியியல் படிக்கிற பையனுக்கு ரத்தம், செல் இதெல்லாம் எதுக்கு?” என்று வீட்டில் கேட்பார்கள். ஒரு செயற்கை மூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சரி, அதைத் தொட்டதும் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அலறினால் அது உதவாது. அந்த அலறலை எப்படி அளக்கிறோம், கிடைத்த எண்ணை எப்போது நம்பலாம்? இதுதான் இந்த மாதப் பாடம்.

எதை அளக்கிறோம்?

எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்ற சிறு புரதங்கள் மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று இன்டர்லூக்கின்-6, சுருக்கமாக ஐஎல்-6. 1986-இல் ஜப்பானின் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் கிஷிமோட்டோ, ஹிரானோ குழுவினர் இதன் மரபணுவைப் பிரித்தெடுத்தனர். கிருமி நுழைந்தாலும் திசு காயப்பட்டாலும் இது கூடும். நமக்குக் காய்ச்சல் வருவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

ஆனால் இதன் அளவு மிகவும் குறைவு. ஆரோக்கியமானவரின் ஒரு மில்லிலிட்டர் ரத்தச் சீரத்தில் சில பிக்கோகிராம்தான் இருக்கும். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதே சீரத்தில் மற்ற புரதங்கள் ஏறக்குறைய 70 மில்லிகிராம்! இந்தக் கூட்டத்தில் ஐஎல்-6-ஐ மட்டும் எப்படிப் பிடிப்பது?

பிடிக்கும் கை

பள்ளியில் படித்தோமே, அந்த ஆன்டிபாடிதான் நமக்குக் கை. பி-செல் ஒவ்வொன்றும் ஒரே வகை ஆன்டிபாடியைத்தான் செய்யும். ஆனால் உடம்பில் பல பி-செல்கள் சேர்ந்து வேலை செய்வதால் ரத்தத்தில் கிடைப்பது கலவை. ஒரு பி-செல்லைத் தனியாக எடுத்து வளர்க்கலாம் என்றால், அது சில நாளில் செத்துவிடும்.

1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் இதற்கு வழி கண்டார்கள். எலியின் பி-செல்லைச் சாகாமல் பெருகும் புற்றுசெல்லோடு இணைத்தார்கள். இணைந்த செல்லுக்கு இரண்டு குணமும் வந்தது: ஒரே வகை ஆன்டிபாடி செய்யும், சாகாமல் பெருகும். அந்த ஒற்றைச் செல்லின் வாரிசுகள் எல்லாம் ஒரே ஆன்டிபாடியைச் செய்வதால் அதற்கு மோனோக்ளோனல் ஆன்டிபாடி என்று பெயர். 1984-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டு சாவி

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் செய்வது ‘சாண்ட்விச் எலைசா’. 96 குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று. குழியின் அடியில் முதல் ஆன்டிபாடி ஒட்டியிருக்கும். செல் வளர்ந்த திரவத்தை ஊற்றினால் அது ஐஎல்-6-ஐப் பிடித்துக்கொள்ளும், மற்றவற்றைக் கழுவிவிடுவோம். பிறகு இரண்டாவது ஆன்டிபாடி. இது ஐஎல்-6-இன் வேறொரு இடத்தைப் பிடிக்கும். இதோடு ஒரு நொதியை இணைத்து, நிறம் தரும் திரவத்தைச் சேர்த்தால் குழி நீலமாகும். அமிலம் விட்டால் மஞ்சளாகும். 450 நானோமீட்டர் ஒளியில் அந்த மஞ்சளை அளந்து, அளவு தெரிந்த ஐஎல்-6 கரைசல்களோடு ஒப்பிடுவோம்.

வங்கி லாக்கரை இரண்டு சாவி சேர்ந்தால்தான் திறக்கலாம். இங்கேயும் இரண்டு ஆன்டிபாடியும் பிடித்தால்தான் நிறம் வரும்.

குறைந்த எண் நல்ல செய்தியா?

ஒரு புதிய பொருளின் மேல் மனித எதிர்ப்புச் செல்களை வளர்க்கிறோம். ஐஎல்-6 குறைவாக வருகிறது. “பாதுகாப்பான பொருள்” என்று எழுதிவிடலாமா? அவசரம் வேண்டாம். மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று, செல்கள் உயிரோடு இருக்கின்றனவா? செத்த செல் அலறாது. ஆகவே உயிருள்ள செல்களையும் எண்ண வேண்டும்.

இரண்டு, அந்தப் பொருளே ஐஎல்-6-ஐத் தன் மேல் ஒட்டவைத்துக்கொண்டதா? அப்படியானால் திரவத்தில் எப்படித் தெரியும்? செல் இல்லாமல், அளவு தெரிந்த ஐஎல்-6-ஐ அந்தப் பொருளோடு ஊறவைத்து அளந்து பார்க்கலாம். 100 போட்டு 95 திரும்பி வந்தால் சரி. 40 மட்டும் வந்தால் மீதி எங்கே போனது?

மூன்று, ஆன்டிபாடி அந்தச் செல்லுக்கு ஏற்றதா? மனித ஐஎல்-6-க்கும் எலி ஐஎல்-6-க்கும் அமினோ அமில வரிசை பாதிகூட ஒத்துப்போவதில்லை. மனித ஐஎல்-6-க்கான ஆன்டிபாடியை எலி செல்லுக்குப் போட்டால் பூஜ்ஜியம் வரலாம். அந்தப் பூஜ்ஜியத்துக்கு அர்த்தமே இல்லை.

‘ஒரே வகை’ என்ற பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில் 185 இணைவுச் செல் வரிசைகளைச் சோதித்தார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் கூடுதல் ஆன்டிபாடிச் சங்கிலிகளும் உருவாகிக்கொண்டிருந்தன. அதனால்தான் ஆய்வுக்கட்டுரையில் ஆன்டிபாடியின் க்ளோன் பெயரைக் குறிப்பிடுவது முக்கியம். பெயர் தெரிந்தால்தான் இன்னொருவர் அதே சோதனையைச் செய்து பார்க்க முடியும்.

நாளை அந்தப் பொருள் ஒருவரின் முழங்காலுக்குள் போகலாம். தட்டில் இருந்த மஞ்சள் நிறம் அவருக்குத் தெரியாது. நாம் எழுதிய முடிவை நம்பித்தான் படுப்பார். எனவே, எண் நமக்குச் சாதகமாக வரும்போதுதான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும்.

கலந்துரையாட:

1. எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஐஎல்-6 வந்தால், பொருளைக் குறை சொல்லும் முன் எவற்றைச் சோதிப்பீர்கள்?
2. உங்கள் படிப்பில் அல்லது வேலையில், ‘பூஜ்ஜியம்’ என்ற எண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணம் இருக்கும் இடம் எது?