மூடிய பெட்டிக்குள் 5 வோல்ட்: பேனல் வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் எந்த கண்ட்ரோல் பெட்டியைத் திறந்தாலும், 24 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கும் ஓர் ஐசி இருக்கும். பழைய போர்டு என்றால் பெரும்பாலும் 7805தான். அதை எப்போது மாற்றுவது, எப்போது விட்டுவைப்பது என்பதைத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்.

1. முதலில் கணக்கு, பிறகுதான் சால்டரிங் அயர்ன். 7805 போன்ற லீனியர் ரெகுலேட்டர் மிச்ச வோல்ட்டேஜ் அத்தனையையும் சூடாக்கித்தான் கழிக்கும். 24-இல் 5 போனால் 19 வோல்ட். போர்டு 300 மில்லிஆம்பியர் இழுத்தால் 5.7 வாட் வீண். போர்டுக்குப் போய்ச் சேர்வது 1.5 வாட்தான். ஹீட் சிங்க் இல்லாவிட்டால் 7805 ஒரு வாட்டுக்கு 65 டிகிரி வரை ஏறும். பிறகென்ன, தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு நிற்கும் டிரம் டைமர் சாயந்திரம் தானாக உயிர் பெறுகிறது என்று யாராவது சொன்னால், புரோகிராமைக் குடையாதீர்கள். 7805-ஐத் தொடாமல், பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

2. பேனல் கதவைத் திறந்துவைத்து டேபிள் ஃபேன் ஓட்டுவதை எங்கே பார்த்தாலும் நிறுத்துங்கள். வேறு ஊரில் அது பரவாயில்லாமல் இருக்கலாம், டேனரியில் கூடாது. சுண்ணாம்பு டிரம்மில் சோடியம் சல்பைடு போடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது பட்ட செம்பு ட்ராக் கறுக்கும், ரிலேயின் வெள்ளி முனையும் கறுக்கும். கறுத்த ரிலே ஒரு நாள் ஒட்டும், மறுநாள் ஒட்டாது. ஆகவே பெட்டியை ரப்பர் கேஸ்கெட் வைத்து இறுக மூடியாக வேண்டும். மூடினால் உள்ளே காற்று ஓடாது. வேலூர் வெயிலில் அப்படி மூடிய பெட்டிக்குள் 5.7 வாட்டை வைத்துக்கொண்டு எந்த ஹீட் சிங்கும் ஒன்றும் செய்ய முடியாது. சூடு பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பதுதான் வழி. நம் பக்கத்தில் ஸ்விட்ச்சிங் ரெகுலேட்டருக்கு மாறச் சொல்வதற்கு மின்சார மிச்சத்தைவிட இதுவே பெரிய காரணம்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. ஹைட்ரஜன் சல்பைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. சென்சார் விழுந்துவிட்டது என்று தொட்டிக்குள்ளோ டிரம்முக்குள்ளோ தலையை விடாதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் விடாதீர்கள்.

3. எல்எம்2596 போன்ற ஸ்விட்ச்சிங் ஐசி வினாடிக்கு 1,50,000 தடவை திறந்து மூடி, காயில் வழியாக வேண்டிய சக்தியை மட்டும் அனுப்புகிறது. அதே 300 மில்லிஆம்பியருக்கு வீணாவது அரை வாட்டுக்கும் கீழே. 24 வோல்ட் பக்கம் இழுப்பதும் 80 மில்லிஆம்பியர் அளவுக்கு இறங்குவதால் டிரான்ஸ்ஃபார்மரும் குளிரும்.

4. கூட வரும் பாகங்களில் கஞ்சத்தனம் வேண்டாம். டயோடு ஷாட்கி வகையாக இருக்கட்டும். 1என்4007 இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. கெப்பாசிட்டர் 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர். இன்புட் கெப்பாசிட்டரும் டயோடும் ஐசியை ஒட்டியே உட்கார வேண்டும். மலிவு மாட்யூல்களில் போலி ஐசி நிறைய. சில 50,000 தடவைதான் மாறுகின்றன. அந்த வேகத்துக்குப் போர்டில் உள்ள காயில் போதாது.

5. '24 வோல்ட்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். 24 வோல்ட் ஏசியை ரெக்டிஃபை செய்தால் லோடு இல்லாதபோது 32-ஐத் தாண்டும். லைன் வோல்ட்டேஜ் 260-க்கு ஏறினால் 37 பக்கம் போகும். எல்எம்2596-இன் எல்லை 40. பெரிய டிரம் மோட்டார் இருக்கும் லைனில் 60 வோல்ட் தாங்கும் எல்எம்2576எச்வி போடுங்கள்.

6. பிஎச் மீட்டரில் லீனியரைப் பிடுங்காதீர்கள். ஒரு பிஎச்சுக்கு எலக்ட்ரோடு தருவது 59 மில்லிவோல்ட்தான். 6 மில்லிவோல்ட் இரைச்சல் புகுந்தால் 0.1 பிஎச் பொய். குரோம் ஏற்றும் டிரம்மில் பிஎச் தவறினால் ஒரு லாட் தோலே கெடலாம். அங்கே ஸ்விட்ச்சிங்கால் 24-ஐ 8-ஆக இறக்கி, சின்ன காயிலும் கெப்பாசிட்டரும் வைத்து வடிகட்டி, அதற்குப் பிறகு 7805 கொடுங்கள். வடிகட்டியை விட்டுவிடாதீர்கள், அவ்வளவு வேகமான ரிப்பிளை 7805 தனியாகத் தடுக்காது.

7. திருகி வோல்ட்டேஜ் வைக்கும் மாட்யூல் என்றால், போர்டில் மாட்டும் முன்பே 5 வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். நாளடைவில் அந்தத் திருகு துருப்பிடித்து ஒட்டாமல் போனால் 24 வோல்ட்டும் அப்படியே போர்டில் பாயக்கூடும். 5 வோல்ட்டுக்கென்றே வரும் ஐசி நல்லது. அதன் முன்னால் ஃபியூஸ், அவுட்புட்டில் 5.6 வோல்ட் டிவிஎஸ் டயோடு. கொடுப்பதற்கு முன் 15 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை லோடாக மாட்டி, பெட்டியை இறுக மூடி, மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு திறந்தவுடன் ஐசி, காயில், டயோடு மூன்றின் சூட்டையும் தெர்மாமீட்டர் வைத்து அளந்து, மூடியின் உள்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள்.