கிழிந்த ஜவ்வும் கோவளத்து அலையும்

கேள்வி: கோவளத்தில் அலைச்சறுக்கு விளையாடியதில் என் மகனுக்கு முழங்காலின் முன்சிலுவை ஜவ்வு (ACL) முழுதாக அறுந்துவிட்டது. வீக்கம் வடிந்து இப்போது நன்றாக நடக்கிறான். கட்டுப் போட்டாலே போதும் என்கிறார்கள் ஊரில். மறுபடி பலகை ஏறலாமா?
– ஒரு தாய், நைனார்பாளையம்

பதில்: நடையை வைத்து ஏமாறாதீர்கள் அம்மா. நேராக நடக்கும்போது முன்சிலுவை ஜவ்வுக்கு அதிக வேலையில்லை. பலகையில் முட்டி மடக்கிச் சட்டென்று திரும்பும்போதுதான் மூட்டு நழுவும். முழுதாக அறுந்தது பெரும்பாலும் தானாக ஒட்டாது. கட்டும் எண்ணெய் உருவலும் வேண்டவே வேண்டாம். எல்லோருக்கும் அறுவை தேவையில்லைதான். ஆனால் அலைக்குத் திரும்புவேன் என்பவருக்குத் தொடைத் தசைநாணை எடுத்துப் புது ஜவ்வு வைப்பது வழக்கம். பிறகு 9 மாதமாவது பிசியோதெரபி. ஹவாயின் அலைச்சறுக்கு வீரர் ஜான் ஜான் ஃப்ளோரன்ஸ் 2019-இல் இதே ஜவ்வு கிழிந்து அறுவை செய்துகொண்டவர். 2024-இல் உலக சாம்பியன். முதலில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.