உங்கள் கம்ப்யூட்டருக்கு எண் கொடுப்பது யார்?

சென்ற மாதம் ஒரு நாள் காலை மணி பத்து இருபது. மாடி வீட்டு அக்கா படியில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் மேல வாங்களேன். பையனுக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ. நெட் வரமாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். பின்னறையில் பையன் சட்டை மாற்றிக்கொண்டு லேப்டாப் முன்னால் வியர்த்துப் போய் உட்கார்ந்திருந்தான். வைஃபை அடையாளத்தில் கோடுகள் முழுதாக இருந்தன. ஆனால் பக்கத்திலேயே "இன்டர்நெட் இல்லை" என்ற வாசகம். லேப்டாப்பை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்துவிட்டானாம். ஹாலில் இருக்கும் மோடத்தையும் அணைத்துப் போட்டாயிற்று. ஹாலில் அக்காவின் போனில் வைஃபை நன்றாகவே வருகிறது. போன் டேட்டாவை வைத்துச் சமாளிக்கலாம் என்றால் அந்த அறையில் சிக்னல் ஒரு கோட்டுக்கு மேல் ஏறவில்லை.

இதுபோன்ற நேரத்தில் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்க்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை. அன்று நான் செய்ததையே நீங்களும் உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது செய்து பாருங்கள்.

கீபோர்டில் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஆர் எழுத்தைத் தட்டுங்கள். சிறு பெட்டி ஒன்று வரும். அதில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கருப்புத் திரை திறக்கும். பயப்பட வேண்டாம், இங்கே நாம் எதையும் மாற்றப் போவதில்லை. அதில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். நிறைய வரிகள் வரும். எஃப்.இ.80 என்று தொடங்கும் நீளமான வரியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். "ஐ.பி.வி.4 அட்ரஸ்" என்ற வரியையும் "டீஃபால்ட் கேட்வே" என்ற வரியையும் மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி உங்கள் கம்ப்யூட்டருக்கு வீட்டுக்குள் இருக்கும் கதவு எண். இரண்டாவது, வெளியே போக எந்த வாசலைப் பயன்படுத்த வேண்டும் என்ற தகவல். பெரும்பாலான வீடுகளில் 192.168 என்று தொடங்கும் எண்கள் இருக்கும். சரி, இந்த எண்ணை யார் கொடுத்தது? நீங்கள் டைப் செய்யவில்லை. கடைக்காரரும் செய்யவில்லை.

கையால் எழுதிய காலம்

2001-ல் என் மாமா ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எட்டு கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் விண்டோஸ் 98. எண் கொடுக்கும் வேலை என்னுடையது. ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து ஐ.பி. எண், கேட்வே, டி.என்.எஸ். என்று எல்லாவற்றையும் கையால் டைப் செய்வேன். எண்ணை மாற்றினால் விண்டோஸ் 98 ரீஸ்டார்ட் கேட்கும். எது எந்த எண் என்று மறக்காமல் இருக்க கேபினெட் மேல் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். ஒரு முறை ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போன கம்ப்யூட்டரைச் சரிசெய்து வைக்கும்போது ஸ்டிக்கரைப் பார்க்காமல் 5-க்குப் பதில் 6 கொடுத்துவிட்டேன். 6 ஏற்கெனவே இன்னொன்றுக்கு இருந்தது. திரையில் முகவரி மோதல் என்று செய்தி வந்து நின்றது. நான் கேபிளைச் சந்தேகப்பட்டு அரை நாள் வீணாக்கினேன்.

இத்தனைக்கும் அந்த வேலையைத் தானாகச் செய்யும் ஏற்பாடு அப்போதே வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

அதன் கதை 1980களில் தொடங்குகிறது. ஹார்ட் டிஸ்க் இல்லாத கம்ப்யூட்டர்கள் அப்போது அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் நிறுவனங்களிலும் இருந்தன. சுவிட்ச் போட்டதும் அவற்றுக்குத் தன் பெயர்கூடத் தெரியாது. எதையும் சேமித்து வைக்க இடம் இல்லையே! தெரிந்தது ஒன்றுதான். நெட்வொர்க் கார்டு தயாராகும்போதே அதில் பதித்து அனுப்பும் மேக் எண். இந்த எண்ணைக் காட்டி ஐ.பி. எண்ணைக் கேட்டு வாங்கும் முறை 1984-ல் ஆர்.ஏ.ஆர்.பி. என்ற பெயரில் வந்தது. ஆனால் அது எண்ணை மட்டும்தான் சொல்லும். வாசல் எது என்று சொல்லாது. 1985 செப்டம்பரில் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகிய இருவரும் பூட்பி என்ற முறையை வெளியிட்டார்கள். இது எண்ணோடு வாசலையும், கம்ப்யூட்டர் தொடங்கத் தேவையான பைல் எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னது.

பூட்பியிலும் ஒரு குறை இருந்தது. எந்த மேக் எண்ணுக்கு எந்த ஐ.பி. எண் என்ற பட்டியலை ஓர் ஆள் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். என் ஸ்டிக்கர் வேலைதான், ஓரிடத்தில் மொத்தமாக. புதிதாக ஒருவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து செருகினால் பட்டியலில் சேர்க்கும் வரை அதற்கு எண் கிடையாது. அவர் போன பிறகும் எண் அவர் பெயரிலேயே கிடக்கும்.

இதைத் தீர்த்தது டி.எச்.சி.பி. அமெரிக்காவில் பக்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுத, 1993 அக்டோபரில் இந்த முறை வெளியானது. 1997 மார்ச்சில் திருத்தி வெளியிட்ட வடிவம்தான் இன்றும் உங்கள் வீட்டு மோடத்தில் ஓடுவதற்கு அடிப்படை. அவர் செய்த முக்கியமான மாற்றம், எண்ணைச் சொந்தமாகக் கொடுக்காமல் வாடகைக்குக் கொடுத்ததுதான்.

லாட்ஜ் மேனேஜர்

ஊருக்குப் புதிதாக வந்து லாட்ஜில் ரூம் கேட்பதைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடத் தெரியாது. அதனால் வாசலில் நின்று சத்தமாகக் கேட்கிறீர்கள்: "இங்கே ரூம் கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?" கம்ப்யூட்டரும் இப்படித்தான் கேட்கிறது. தனக்கு எண் இல்லாததால் அனுப்புபவர் இடத்தில் 0.0.0.0 என்று போட்டு, எல்லோருக்கும் என்று பொருள்படும் 255.255.255.255 என்ற முகவரிக்கு அனுப்புகிறது. இதற்கு டிஸ்கவர் என்று பெயர்.

மேனேஜர் பதில் சொல்கிறார்: "102-ம் நம்பர் காலியாக இருக்கிறது, வேண்டுமா?" இது ஆஃபர். "சரி, 102-ஐயே எடுத்துக்கொள்கிறேன்" என்று மறுபடியும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்வது ரிக்வெஸ்ட். "எழுதிக்கொண்டேன், நாளை இந்நேரம் வரை உங்களுடையது. வெளியே போகும் வாசல் அந்தப் பக்கம்" என்று மேனேஜர் முடிப்பது அக்னாலெட்ஜ். நான்கின் முதல் எழுத்துகளைச் சேர்த்து நெட்வொர்க் படிக்கும் மாணவர்கள் டோரா என்று நினைவில் வைத்துக்கொள்வார்கள். சுட்டி டிவி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது மறக்காது. இந்த நான்கு பேச்சும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

மூன்றாவது பேச்சை ஏன் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும்? லாட்ஜில் இரண்டு மேனேஜர்கள் இருந்து இருவருமே ரூம் காட்டியிருந்தால், தன் ரூம் வேண்டாம் என்று மற்றவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான். அதாவது, இரண்டு பேர் பதில் சொல்லக்கூடும் என்பது எழுதியவருக்கு அப்போதே தெரியும். ஆனால் இருவரில் யார் உண்மையான மேனேஜர் என்று சோதிக்கும் வழி இந்தப் பேச்சில் இல்லை. கம்ப்யூட்டர் பெரும்பாலும் முதலில் காதில் விழுந்த பதிலை எடுத்துக்கொள்ளும். பெரிய அலுவலகங்களில், தெரியாத பெட்டி கொடுக்கும் பதிலைத் தடுக்கும் சுவிட்சுகள் வைத்திருப்பார்கள். நம் வீட்டுப் பெட்டிகளில் அந்தக் காவலை எதிர்பார்க்க முடியாது.

வாடகைக் காலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலம் பாதி கடந்ததுமே கம்ப்யூட்டர், எண் கொடுத்த அதே மேனேஜரிடம் நேராகப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் உங்களுக்கு எதுவும் தெரிவதில்லை. ரீஸ்டார்ட் செய்தாலும் புதிதாகக் கேட்பதற்கு முன் "போன தடவை இருந்த ரூமே கிடைக்குமா?" என்று கேட்டுப் பார்க்கும். இந்த இரண்டு பழக்கங்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மாடி வீட்டுக் கதைக்குத் தேவைப்படும்.

பதிலே வராவிட்டால்?

கேபிள் கழன்றிருக்கிறது, அல்லது மோடம் தொங்கிப்போய் நிற்கிறது. கம்ப்யூட்டர் கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டுத் தானே ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். அது 169.254 என்று தொடங்கும். விண்டோஸ் 98-லேயே இந்த வசதி வந்துவிட்டது. 2005 மே மாதம் இது பொது விதியாகவும் ஆனது. அந்த வரம்பில் குத்துமதிப்பாக ஓர் எண்ணை எடுத்து, வேறு யாரும் அதை வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் போட்டுக்கொள்ளும். இந்த எண்ணால் இன்டர்நெட்டுக்குப் போக முடியாது. ஆகவே கருப்புத் திரையில் 169.254 என்று பார்த்தால் பிரவுசரையோ வைரஸையோ குறை சொல்லாதீர்கள். "கேட்டேன், யாரும் பதில் சொல்லவில்லை" என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. கேபிளையும் மோடத்தையும் பாருங்கள்.

மறுபடியும் மாடி வீடு

அன்று பையனின் லேப்டாப்பில் 169.254 இல்லை. 192.168.0.103 என்று அழகாக ஓர் எண் இருந்தது. டீஃபால்ட் கேட்வே 192.168.0.1. ஹாலுக்குப் போய் மோடத்தைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன். அதன் முகவரி 192.168.1.1.

எனக்குத் திக்கென்றது. அப்படியென்றால் இந்த 0.1 யார்? பின்னறை மேஜைக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு முன் கனெக்ஷன் மாற்றியபோது மிச்சமான பழைய ரூட்டர் மினுமினுத்துக்கொண்டிருந்தது. "இதைத் தூக்கி எறியாதீங்க, ஹாலில் இருந்து கேபிள் இழுத்து மாட்டினால் பின்னறைக்கும் வைஃபை வரும்" என்று யோசனை சொல்லி, மாட்டியும் கொடுத்தவன் நான்தான். அதற்குள் இருந்த மேனேஜரை வேலையிலிருந்து நிறுத்த மறந்துவிட்டேன். அந்த மேனேஜர் தன்னையே வாசல் என்று காட்டி எண் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசலுக்குப் பின்னால் இன்டர்நெட் இல்லை, சுவர்தான்.

பிறகு ஏன் இரண்டு வாரம் நன்றாக ஓடியது? லேப்டாப் ஏற்கெனவே புது மோடத்திடம் எண் வாங்கியிருந்தது. அதையே புதுப்பித்துக்கொண்டு போயிற்று. அன்று காலை அரை மணி நேரம் கரன்ட் போய் வந்திருக்கிறது. ஃபைபர் மோடம் முழுதாக விழித்தெழச் சில நிமிடம் ஆகும். பழைய ரூட்டர் சட்டென்று எழுந்துகொண்டது. லேப்டாப் கேட்ட நேரத்தில் பதில் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அதன் பிறகு எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் லேப்டாப் அதே ரூமைக் கேட்க, பழைய மேனேஜரும் "தாராளமாக" என்று கொடுத்துக்கொண்டே இருந்தார்.

மணி பத்து நாற்பது. விளக்கம் சொல்ல நேரமில்லை. பழைய ரூட்டரில் செருகியிருந்த கேபிளைப் பிடுங்கி நேராக லேப்டாப்பின் லேன் சாக்கெட்டில் செருகினேன். வைஃபையை அணைத்தேன். மீண்டும் ஐ.பி. எண்ணைப் பார்த்தால் 192.168.1.7. பக்கம் திறந்தது. பையன் "தேங்க்ஸ் அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அக்கா காபி கொண்டுவந்தார். நான் செய்த தப்பு இது என்று காபி குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "அதனால என்ன தம்பி" என்றார். இருந்தாலும் எனக்குக் காபி சரியாக இறங்கவில்லை.

லேன் சாக்கெட் இல்லாத லேப்டாப் என்றால் பழைய ரூட்டரை அணைத்துவிட்டு, ஹால் மோடத்தின் வைஃபையில் சேர வேண்டியதுதான். எண் மாறாமல் அடம்பிடித்தால் சி.எம்.டி.யை ரைட் கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" மூலம் திறந்து, அந்த எட்டு எழுத்துக்குப் பின் ஓர் இடைவெளி, சாய்கோடு, பிறகு ஆர், இ, எல், இ, ஏ, எஸ், இ என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். கையில் இருக்கும் எண் போய்விடும். அடுத்து அதேபோல ஆர், இ, என், இ, டபிள்யூ. புது எண் வரும். சாய்கோட்டுக்குப் பின் ஏ, எல், எல் என்று கொடுத்தால் எண் கொடுத்த டி.எச்.சி.பி. சர்வரின் முகவரியும், வாடகை எப்போது முடிகிறது என்பதும் தெரியும்.

பழைய ரூட்டரைச் சரியாக மாட்டும் முறை

மாலையில் போய்ச் செய்து கொடுத்தேன். இதில் வரிசை முக்கியம். ஹாலில் இருந்து வரும் கேபிளைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைப் பழைய ரூட்டரோடு மட்டும் இணைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் அதன் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை டைப் செய்து உள்ளே போங்கள். "அக்சஸ் பாயின்ட் மோடு" என்று ஒரு வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். அக்கா வீட்டுப் பெட்டியில் அது இல்லை. ஆகவே லேன் பகுதியில் ரூட்டரின் சொந்த முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். புது மோடம் வாடகைக்கு விடும் எண்களின் பட்டியலுக்குள் இந்த எண் வரக்கூடாது. மோடத்தின் டி.எச்.சி.பி. பக்கத்தில் தொடக்க எண்ணும் கடைசி எண்ணும் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் புதிய முகவரியில் மறுபடி உள்ளே போய் டி.எச்.சி.பி. சர்வரை டிஸேபிள் செய்யுங்கள். அவசரப்பட்டு இதை முதலில் செய்தால் உங்கள் லேப்டாப்புக்கு எண் கொடுக்க ஆள் இருக்காது. 169.254 வந்து உட்கார்ந்துகொள்ளும், ரூட்டரின் பக்கமும் திறக்காது. கடைசியாக ஹால் கேபிளை ரூட்டரின் லேன் துளைகளில் ஒன்றில் செருகுங்கள். தனி நிறத்தில் இருக்கும் வேன் துளையில் வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் பழைய ரூட்டரின் முதுகில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி "192.168.1.2, டி.எச்.சி.பி. இல்லை" என்று எழுதி வைத்தேன். பிறகு இரண்டு பெட்டிகளையும் அணைத்து ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தோம். பின்னறையில் லேப்டாப் முதலில் 169.254 காட்டியது. ஹால் மோடம் எழுந்து சில நிமிடத்தில் அது 192.168.1.7 ஆக மாறியது.