பொய்க்கால் குதிரையும் ஒரு சண்டையும்



போன ஆண்டு விழாவில் பொய்க்கால் குதிரை ஆட்டத்துக்குக் கைதட்டினீர்களே, அதற்கு ஒரு வாரம் முன்னால் ஒத்திகையில் நடந்த சண்டை பலருக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்கு முன் மரக்காலைப் பற்றிக் கொஞ்சம்.

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று 'மரக்கால்'. கொற்றவை ஆடியதாம். அவுணர்கள் பாம்பும் தேளுமாக உருமாறி வர, அவள் மரக்கால் கட்டி மிதித்து ஆடினாள். அப்படியென்றால் மரக்கால் முதலில் காலைக் காப்பாற்றத்தான் வந்தது! தஞ்சாவூர்ப் பொய்க்கால் குதிரை மராட்டியர் காலத்தில் வந்தது என்பார்கள். தஞ்சை நாடிராவ் அதற்குப் பெரிய பேர் வாங்கித் தந்தவர். இப்போது பல குழுக்கள் குதிரைக் கூட்டை மட்டும் இடுப்பில் மாட்டி, வெறுங்காலில் ஆடுகிறார்கள்.

எங்கள் ஆட்டத்தை நடத்திய பன்னிரண்டாம் வகுப்பு அக்காவுக்கு அது பிடிக்காது. "பொய்க்கால் இல்லாம என்ன பொய்க்கால் குதிரை?" என்பார். நியாயந்தான். ஒன்றரை அடி உயரத்தில் மரக்கால் செய்து வந்தது. ராணி வேடம் என் வகுப்புத் தோழிக்கு. ரெண்டு நாள் ஆடிவிட்டு, "அக்கா, இது வேணாம்" என்றாள். "பயந்தாங்கொள்ளி, வேற ஆளைப் போட்டுக்கிறேன்" என்றார் அக்கா. இவள் அழுதாள். நாங்களும் ரெண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினோமே தவிர, என்ன கஷ்டம் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

தமிழம்மாதான் வந்து கேட்டார்: "எப்போம்மா தடுமாறுது?"

"ஆடும்போது இல்லம்மா. வாழ்த்து வாசிக்கிறப்போ அசையாம நிக்கணும்ல, அப்பதான்."

இதற்குக் காரணம் நம் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அடிப்பரப்புக்குள் விழுந்தால்தான் பொருள் நிற்கும். மரக்காலின் அடி உள்ளங்கை அகலம்கூட இல்லை. உடம்போ ஒன்றரை அடி மேலே போய்விட்டது. சாயும்போதெல்லாம் காலை மாற்றி வைத்தால் சமாளிக்கலாம், அதுதான் ஆட்டம். அசையாதே என்றால் விழ வேண்டியதுதான்.

அம்மா அக்காவையே கட்டிப் பார்க்கச் சொன்னார். பக்கத்துக்கு ஒருவர் நின்றோம். அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அக்கா சுவரைப் பிடித்துவிட்டார்.

இறங்கிப் பார்த்தால் இன்னொரு கோளாறு. அடியில் டயர் ரப்பர் வைத்து அடித்த ஆணிகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. பலகை மேடையில் வழுக்காமல் என்ன செய்யும்? நம்ம பக்கம் பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் ஆணி அடித்த செருப்போடு போகக் கூடாது, உரசினால் பொறி வரும். வெடிபொருள் விதியிலேயே உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிறவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்வதில்லை.

மரக்காலை முக்கால் அடியாக அறுத்தோம். ஆணியைப் பிடுங்கிப் பசை போட்டு ரப்பர் ஒட்டினோம். வாழ்த்தை ராணி வருவதற்கு முன்பே வாசித்துவிட்டோம். சிப்பாய் வேடத்தில் ரெண்டு பேர் கூடவே ஆடினார்கள், விழுந்தால் பிடிக்க.

அக்கா மூன்று நாள் என் தோழியிடம் பேசவே இல்லை. விழா அன்று காலில் துணி சுற்றி மரக்கால் கட்டிவிட்டது அக்காதான். முடிச்சை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

— ஒன்பதாம் வகுப்பு, 'ஆ' பிரிவு